கவிழ்த்து வைத்த ஓடுகள்

என்னோடு வேலை செய்த அக்காவுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதற்குச் சனியன் பிடித்துவிட்டது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது. பிடிக்காத விஷயங்களோடு அவருக்கு ஒரு வில்லங்கமும் இல்லை. பிடிக்காத சேலையை, பிடிக்காத குழம்பை, பிடிக்காத மனிதரைக்கூட முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வார். பிடித்தவைதான் அவரிடம் படாத பாடு படும்.

ஒருமுறை மொன்ரியலின் லாசால் பகுதியில் கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடு ஒன்று பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குசினி யன்னலால் ஆறு தெரிந்தது. அந்த யன்னலடியில் நின்றவர் நின்றவர்தான். வீடு காட்ட வந்த பெண் பிரெஞ்சில் எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், இவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முகம் இருண்டு கிடந்தது. பிடிக்கேல்லையோ என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்கு. அதுதான் பயமாக் கிடக்கு" என்றார்.

அதன் பிறகு அந்த வீட்டை அவர் விசாரித்த மாதிரிப் பொலிஸ்காரர்கூட விசாரிக்க மாட்டார்கள். மழை பெய்யும்போது ஒருமுறை போனார். குப்பை எடுக்கும் நாளில் போனார். பக்கத்துப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போய் வாசலில் நின்று சத்தம் கேட்டார். மூலையில் இருந்த டெப்பனர் கடையில் பால் வாங்கும் சாட்டில், அந்தக் கட்டடத்தில் எலி இருக்கிறதா என்று விசாரித்தார். எல்லாம் திருப்தி என்று முடிவெடுத்து வந்தபோது வீட்டை ஒரு பஞ்சாபிக் குடும்பம் வாங்கியிருந்தது. அக்கா கவலைப்படவில்லை. நல்ல வீடு, அந்தச் சனத்துக்கு ஒரு குறையும் வராது என்று சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இன்னொரு கதையும் இருக்கிறது. எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் மனைவியை இழந்த ஒருவர் இருந்தார். பஸ் ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன், நல்ல குரல். அவருக்கு அக்காவைப் பிடித்திருந்தது. அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர் பாடும்போது அக்கா தலையைக் குனிந்துகொள்வார். நான்தான் இரண்டு பேரையும் செயின்ட்-மிஷேலில் இருந்த என் வீட்டுக்குக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டேன். கோப்பி பாதி குடித்து முடியுமுன் அக்கா அவரிடம், உங்களில் உள்ள நல்லது எல்லாம் நான் பார்த்துவிட்டேன், இனி உங்களிடம் என்ன பிழை என்று நீங்களே சொன்னால் உதவியாக இருக்கும் என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே உதவி கேட்பதுபோலத்தான் கேட்டார். அந்த மனுஷன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு தொடக்கம் அவர் மாலைப் பூசைக்கு மாறிவிட்டார். தன்னிடம் வருகிற நல்லது எல்லாவற்றையும் இந்த மனுஷி தானே கலைத்துவிடப் போகிறது என்று அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் மலையடிவாரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில் வேலை செய்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள் அவை. நான் ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவள். இங்கே வந்து செயின்ட்-லோரன்டில் மாத்திரை அடைக்கும் பக்டரியில் நின்று கால் வீங்கிக்கொண்டிருந்தபோது, கோயிலில் நான் கீறிய நத்தாருக்கு வைக்கும் பாலன் குடிலின் வரைபடத்தைக் கண்டுவிட்டு அக்கா என்னைத் தேடி வந்தார். பானை ஓடு கீறுவீரோ என்று கேட்டார். நான் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அதுவே எனக்கு வேலையாகிவிட்டது.

பானை ஓடு என்றால் எங்கள் ஊர்ப் பானை இல்லை. நோர்வேயின் வடக்கு அந்தலையில், மாரியில் மாதக்கணக்காகச் சூரியனே எழும்பாத ஒரு பிரதேசத்தில், ஏரிக்கரை மணலில் இருந்து கிண்டி எடுத்த ஓடுகள். ஆறு ஏழாயிரம் வருடப் பழசு. வயல் தெரியாத, மாடு தெரியாத, வேட்டையாடி மீன் பிடித்துச் சீவித்த சனம் சுட்ட பானைகள். அந்த நாட்டு அருங்காட்சியகம் ஒன்று அவற்றை எங்கள் பேராசிரியருக்கு இரவல் கொடுத்திருந்தது. ஓடுகளை இனம் பிரித்து, எது எந்தக் காலத்தது என்று சொல்வதுதான் அக்காவின் வேலை. அவருக்கு அந்தப் பூமி புதிசில்லை. அகதியாக முதலில் போய் இறங்கியது அங்கேதான். மீன் பக்டரியில் கொட் மீன் வெட்டிக்கொண்டே படித்து, அந்தப் பானைகளைப் பற்றியே ஆய்வு எழுதிக் கலாநிதிப் பட்டமும் வாங்கியவர்.

அந்த ஆய்வில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று. அந்த ஏரிக்கரைக்குப் பானை செய்யும் வித்தை, எல்லோரும் சொல்வதைவிடப் பல நூறு வருடம் முந்தியே வந்துவிட்டது என்பது. பட்டம் கொடுத்தார்கள். ஆனால் பரீட்சித்தவர்களில் ஒருவர், நீ பார்க்க விரும்பியதைப் பார்த்திருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதை அக்கா எனக்கு ஒரே ஒருமுறை, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, அந்த மனுஷன் சொன்னதில் நியாயம் இருக்கலாம் என்றும் சொன்னார். சாப்பாட்டை அன்றைக்குத் தொடவில்லை.

ஓடுகளை அவர் இனம் பிரிக்கும் விதம் ஒரு தனி விதம். அந்தப் பானைகளின் வெளிப்பக்கம் முழுக்க, ஈர மண்ணில் சீப்பை அழுத்தி எடுத்ததுபோல வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். மற்றவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் இது முந்தியது, இது பிந்தியது என்று வைப்பார்கள். அக்கா முதல் வேலையாக மேசையில் உள்ள ஓடுகள் அத்தனையையும் கவிழ்த்துவிடுவார். கோலம் கீழே, வெறும் உட்பக்கம் மேலே. பிறகு தடிப்பு, உடைந்த விளிம்பில் தெரியும் நிறம், மண்ணோடு இடித்துக் கலந்திருக்கிற கல், இவற்றை மட்டும் விரலாலும் பூதக்கண்ணாடியாலும் பார்த்துக் குவியல் குவியலாக வைப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் திருப்பிப் பார்ப்பார். ஏன் இந்த வீண் வேலை என்று கேட்டேன்.

"முகத்தைப் பாத்தால், எனக்கு எது விருப்பமோ அந்தப் பக்கத்திலை கொண்டுபோய் வைச்சிடுவன்" என்றார்.

குவியல்கள் அவர் எதிர்பார்த்தபடியே வந்துவிட்டால், எல்லாவற்றையும் கலந்துவிட்டு மறுபடி தொடங்குவார். பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போவார். பேராசிரியர் மொன்ரியல்காரர், உயரமானவர், காலையில் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லும்போதே பாதிச் சிரிப்பு. அக்காவில் அவருக்குப் பெரிய மரியாதை. அக்காவின் ஒப்பந்தம் அந்த வசந்தத்தோடு முடிகிறது என்பதால், அவருக்கு ஒரு நிரந்தரப் பதவி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் மாய்ந்து மாய்ந்து கதைத்து, கடைசியில் ஒரு தேர்வுக் குழு கூடுவதற்கு நாளும் குறிக்க வைத்துவிட்டார்.

அந்த மாரியில்தான் அந்தப் பானை வந்தது. நாற்பது ஐம்பது துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி அரைப் பானையாகவே எழும்பிவிட்டது. உட்பக்கத்தில் அடிப்பிடித்த கரி தடிப்பாக இருந்தது. ஆறாயிரம் வருடத்துக்கு முந்தி யாரோ ஒரு பெண் அடுப்பைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள் என்று நான் பகிடி விட்டேன். அந்தக் கரியில் ஒரு துளி சுரண்டிக் கார்பன் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த வயது எல்லோரும் நினைத்ததைவிடப் பல நூறு வருடம் கூட. அக்காவின் ஆய்வு சொன்ன அதே காலம்.

பேராசிரியர் மாடிப்படியில் இருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தார். நான் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவர் உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகிப்போய் இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. வேண்டாம் அக்கா, இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று காதுக்குள் சொன்னேன்.

"மீனாய் இருந்தால்?" என்றார்.

அது என்ன கதை என்று அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். ஆழக் கடலின் தண்ணீரில் கிடக்கிற கார்பன் பழையது. அந்தக் கடலில் மேய்ந்து வளர்கிற மீனின் உடம்பிலும் அந்தப் பழசே ஊறியிருக்கும். நேற்றுப் பிடித்த மீனைச் சோதித்தாலும் அது பல நூறு வருடத்துக்கு முந்திச் செத்தது என்றுதான் காட்டும். கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறி வருகிற சாமன் மீனை அந்தப் பானையில் அவித்திருந்தால், அடிப்பிடித்த கரியும் அதே பொய்யைச் சொல்லும். அப்படியென்றால் பானை உண்மையில் மற்றப் பானைகளின் வயதுதான், சமைத்த மீனால் மூத்ததாகத் தெரிகிறது. பேராசிரியருக்கும் இது தெரியாத விஷயமில்லை. ஆனால் அந்தப் பானையைக் கிண்டி எடுத்த அடுப்படியில் கிடைத்த எலும்பெல்லாம் துருவக் கலைமான் எலும்பு, ஆகவே அது இறைச்சிக் கரிதான் என்று அவர் நம்பினார். நம்புவதற்கு இடமும் இருந்தது.

அக்கா விடவில்லை. இரண்டு நாள் அந்தப் பானையையே சுற்றிச் சுற்றி வந்தார். பானை ஒருகாலத்தில் வெடித்திருக்கிறது. வெடிப்பின் இரண்டு பக்கமும் துளை போட்டு நாரால் கட்டி, துளையைத் தாரால் அடைத்திருக்கிறார்கள். பேர்ச் மரப் பட்டையைச் சுட்டு எடுக்கிற தார். அந்தத் தார் ஒரு துளையின் அடியில் கடுகளவு மிஞ்சியிருந்தது. அதற்கு மேலே சமையல் கரி படிந்திருந்தது. அந்தத் துளையை என்னைக் கொண்டு பத்து மடங்கு பெரிதாக்கிக் கீறுவித்தார். படத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கீழே தார், மேலே கரி.

"மரத்திலை கடல் இல்லை" என்றார் அக்கா. "தார் தன்ரை உண்மையான வயசைத்தான் சொல்லும். மேலை கிடக்கிற கரி, கீழை கிடக்கிற தாரைவிட மூத்ததாய் இருக்கேலாது. ரெண்டும் ஒரே வயசு எண்டு வந்தால் நான் கும்பிட்டுக்கொண்டு ஏற்கிறன். தார் இளசு எண்டால் கரி பொய்."

அந்தக் கடுகளவு தாரைச் சோதித்தால் அது இல்லாமல் போய்விடும். அருங்காட்சியகத்தின் சம்மதம் வேண்டும். பேராசிரியர் முதலில் மறுத்தார். தேர்வுக் குழு கூடுகிற நேரத்தில் இது தேவையா என்று கேட்டார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே நோர்வேக்கு ரெலிபோன் எடுத்துச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நான் சும்மா சொல்லவில்லை.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நிலவறைக்குள் இருக்க முடியவில்லை. அக்கா துடைத்த மேசையையே துடைத்தார். ரெலிபோன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பார், அது வேறு யாராவதாக இருக்கும். ஒருநாள் என்னிடம் கோபமாக, நீர் ஏன் பென்சிலை இப்பிடித் தட்டிக்கொண்டிருக்கிறீர் என்று கேட்டார். நான் தட்டவேயில்லை. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி, கரியும் தாரும் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன். அப்படி ஒரு மன்றாட்டு அந்த மாதாவுக்கு அதற்கு முன் வந்திருக்காது.

தேர்வுக் குழுவுக்கு முதல் நாள் பின்னேரம் சோதனைக்கூடத்தில் இருந்து ரெலிபோன் வந்தது. அக்கா எழும்பி நின்று எடுத்தார். அந்தப் பக்கம் ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்கா இடைக்கிடை சரி, சரி என்றார். கடைசியில் நன்றி சொல்லி வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் தெரியவில்லை.

"மீன்தான்" என்றார்.

பேராசிரியர் கீழே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது. தார் கடுகிலும் சின்னது. அருங்காட்சியகத்தில் கிடந்த காலத்தில் யாராவது ஒட்டுப் பசை பூசியிருக்கலாம், அது கலந்திருக்கலாம். எப்படியும் இன்னொருமுறை சோதிக்கத்தான் வேண்டும். ஆகவே நாளைக்குக் கரியின் வயதை மட்டும் சொல்லு, தாரைப் பற்றி வாயே திறக்காதே, இது பொய் இல்லை, இன்னும் முடிக்காத வேலையைப் பற்றிப் பேசாமல் விடுவது மட்டும்தான் என்றார். எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மெட்ரோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பேராசிரியர் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்றார் அக்கா. அப்படியென்றால் கேளுங்கோவன் அக்கா, ஒருமுறை உங்களுக்காக ஒன்றைச் செய்யுங்கோ, இந்த வேலை இல்லாவிட்டால் எங்கே போவீர்கள் என்று கெஞ்சினேன். அவர் எதிரே இருந்த கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னது எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு, பிள்ளை" என்றார்.

அதற்குமேல் நான் கெஞ்சவில்லை.

அடுத்த நாள் அந்த அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். நான் ஒரு மூலையில் கம்ப்யூட்டரோடு படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா நன்றாகப் பேசினார். அரைப் பானையைக் காட்டினார், ஓடுகளை இனம் பிரித்த விதத்தைக் காட்டினார், கரியின் வயதைச் சொன்னார். குழுவில் ஒரு பெண் முன்னால் சாய்ந்து எழுதத் தொடங்கினார். இன்னொருவர் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். பேராசிரியர் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்தார். அதோடு முடித்திருக்கலாம். அடுத்த படம் துளையின் படம். அதைக் காட்டச் சொல்வாரோ மாட்டாரோ என்று எனக்குத் தெரியாது. விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு, சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது என்று மனதுக்குள் மன்றாடினேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். அவ்வளவு நேரமும் ஆங்கிலத்தில் பேசியவர் தமிழில் சொன்னார்.

"அடுத்த படத்தைப் போடும், பிள்ளை."

நான் போடவில்லை. அறையில் யாருக்கும் என்ன நடக்கிறதென்று தெரியாது, கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். அக்கா கோபிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. நான் அழுத்தும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழுத்தினேன். சுவரில் என் கையால் கீறிய துளை ஆளுயரத்துக்கு விரிந்தது. கீழே தார், மேலே கரி. அக்கா தாரின் வயதையும் சொன்னார். மறுபடி சோதிக்க வேண்டும் என்பதையும் சொன்னார், ஆனால் தன் எண்ணத்தில் இது மீன் கரிதான், இந்தப் பானையை வைத்துக்கொண்டு பழைய காலம் பேச முடியாது என்றும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனையைக் கீழே வைத்தார். அப்படியென்றால் உங்கள் ஆய்வின் கதி என்ன என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டார். அதற்கு இப்போது என் கையில் ஆதாரம் இல்லை என்றார் அக்கா.

எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். இப்படிப்பட்ட நேர்மையை இந்தக் காலத்தில் காண முடியாது என்று கதவடியில் நின்று கை குலுக்கினார்கள். பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அடுத்த கிழமை பேராசிரியர்தான் கீழே வந்து சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்கா அவரைத் தேற்றி அனுப்பினார்.

இப்போது அவர் மறுபடி நோர்வேயில், ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார் என்று கேள்வி. நத்தாருக்கு வாழ்த்து மட்டும் வரும். அவரை நினைக்கும்போது எனக்கு அந்த அறையும் கை குலுக்கல்களும் நினைவுக்கு வருவதில்லை. பேராசிரியர் படியேறிப் போன பிறகு நடந்ததுதான் நினைவுக்கு வரும்.

ஓடுகளை அன்று திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொன்றாகப் பஞ்சுக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். அந்தப் பானையின் கடைசித் துண்டு அக்காவின் கையில் இருந்தது. சுற்றிய கடதாசியைத் திரும்பப் பிரித்தார். கரி பிடித்த பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். அவர் தோள் குலுங்குவதைக் கண்ட பிறகுதான் அழுகிறார் என்று தெரிந்தது.

"பழசாய் இருந்திருக்கலாம்தானே" என்றார். "அதுக்கென்ன குறைஞ்சு போகும்? எனக்கு எவ்வளவு ஆசையாய் இருந்தது தெரியுமே, பிள்ளை? எவ்வளவு ஆசையாய் இருந்தது."

ஒரு கொண்டோவுக்கோ ஒரு மனிதருக்கோ அவர் இப்படி அழுததில்லை. அவருக்கு ஆசையே குறைவு, அதனால்தான் இவ்வளவு சுலபமாக எல்லாவற்றையும் விடுகிறார் என்று நான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். என்னைவிட, பேராசிரியரைவிட, அந்த அறையில் இருந்த எல்லோரையும்விட அந்தப் பானை பழசாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது இந்த மனுஷிதான். துண்டை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்து மேசையில் வைத்துவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி எடுக்க வந்தவர் கதவைத் திறந்து பொன்ஜூர் என்றார். எங்களைக் கண்டதும் சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றார்.